மாயாபந்தர் ஜெட்டியில் இறங்கிய சாஃப்ட்வேர்

எங்கள் கம்பெனி போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே யாராவது ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலே எங்கள் மேஜையில் டீ கிளாஸ் நகரும். மெயின்லேண்ட் வாடிக்கையாளர்கள் வீடியோ காலில் வரும்போது, "அங்க என்ன சார் சத்தம்?" என்று கேட்பார்கள். "எங்க சர்வர் ரூம்" என்பார் எம்.டி., கொஞ்சமும் கூச்சமில்லாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

எம்.டி. சென்னைக்காரர். தேனிலவுக்கு போர்ட் பிளேர் வந்தவர், கடலைப் பார்த்து மயங்கி இங்கேயே கம்பெனி போட்டுவிட்டார். மனைவிதான் அடிக்கடி சென்னைக்குப் போய்விடுவார். நல்ல மனுஷர், சம்பளத்தைச் சொன்ன தேதியில் போடுவார், யாரையும் திட்டமாட்டார். அவரிடம் ஒரே ஒரு வியாதி உண்டு. சென்னைக்கு ஏதாவது பயிற்சி வகுப்புக்குப் போனால், மற்றவர்கள் அல்வா வாங்கி வருவதுபோல இவர் ஒரு புது வேலைமுறையை வாங்கிக்கொண்டு வருவார். அதை நாங்கள் எல்லாரும் சாப்பிட்டாக வேண்டும்.

ஒருமுறை வாங்கி வந்தது நின்றுகொண்டே நடத்தும் கூட்டம். தினமும் காலையில் எல்லாரும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் பேச்சு சீக்கிரம் முடியும், அதுதான் கணக்கு. ஆனால் எம்.டி.க்கு மூட்டுவலி. அதனால் அவர் மட்டும் உட்கார்ந்துகொள்வார். கால் வலிக்காத ஆள் பேச்சை எதற்கு முடிக்கப் போகிறார்? டீ ஆறி, பன் காய்ந்து, கீழே மெக்கானிக் ஒரு முழு ஸ்கூட்டரையே பிரித்து மாட்டிவிடுவான், எங்கள் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும்.

அடுத்து வந்தது வண்ணப் பலகை. ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ஒரு காந்த வில்லை. ஒழுங்காகப் போனால் பச்சை, இழுத்தால் மஞ்சள், மாட்டிக்கொண்டால் சிவப்பு. முதல் நாளே நான் உண்மையைச் சொல்லி ஒரு சிவப்பை ஒட்டினேன். எம்.டி. முகம் வாடிவிட்டது.

"சிவப்பு வேணாம்மா. ஆபீஸுக்குள்ள நெகட்டிவ் எனர்ஜி வரும். லைட் பச்சைன்னு வச்சுக்கோயேன்."

அப்புறம் நிஜமாகவே மெயின்லேண்டிலிருந்து இளம்பச்சை வில்லைகள் வரவழைத்தார். இப்போது எங்கள் பலகையில் பச்சை, இளம்பச்சை, அதைவிட இளம்பச்சை என்று மூன்று நிறங்கள். பார்த்தால் வெற்றிலைக் கடை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டேன். மூன்றாவதாக ஒன்று கொண்டுவந்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சைன்-ஆஃப். அதாவது, வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ப்ராஜெக்ட் முடிந்ததாகக் கணக்கு. சென்னையில் இது சரி. தீவில் எவன் கையெழுத்துப் போடுவான்? நாம் செய்து கொடுத்ததைச் சந்தோஷமாக உபயோகிப்பார்கள், பக்கத்துக் கடைக்காரரிடம் பெருமையடிப்பார்கள், காகிதத்தை நீட்டினால் மட்டும், "தேக்கேங்கே" என்பார்கள். பார்க்கலாம் என்று அர்த்தம். அந்தமானில் "தேக்கேங்கே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தக் காரியத்தை அப்படியே கடலில் விட்டுவிடலாம்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா கமுதிப் பக்கத்திலிருந்து மராமத்து வேலைக்கு வந்தவர், நான் இங்கேயே பிறந்தவள். எங்கள் கம்பெனியில் வாடிக்கையாளரிடம் பேசுவது, அவர் கேட்பதைப் புரிந்துகொள்வது, அதை எழுதி டெவலப்பரிடம் கொடுப்பது, வந்ததைச் சோதிப்பது, தப்பு என்றால் சண்டை போடுவது எல்லாமே நான்தான். ஆனால் என் அட்டையில் ஒருங்கிணைப்பாளர் என்று போட்டிருக்கும். ப்ராஜெக்ட் லீட் என்று ஒரு பதவி கம்பெனியில் காலியாகவே கிடந்தது. அது உனக்குத்தான் என்று எம்.டி. என்னிடம் சொல்லியும் வைத்திருந்தார். வாடிக்கையாளர் போன் செய்தால், "மேடம், சார் இருக்காரா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சாரிடம் போனைக் கொடுப்பேன். சார் மியூட்டை அழுத்திவிட்டு, "என்னம்மா சொல்லணும்?" என்று என்னைக் கேட்பார். நான் சொல்வேன். மியூட்டை எடுத்துவிட்டு அதையே கணீரென்று அவர் சொல்வார். "சார் சொன்னா பளிச்சுன்னு புரியுது" என்று அந்தப் பக்கம் பாராட்டு வரும். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் எம்.டி. சந்தோஷமாக அறிவித்தார். அவருடைய மச்சினன் வருகிறாராம். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருந்தவராம். ஃப்ளைட்டில் வரச் சொன்னால், கப்பலில் வந்தால் ஒரு அனுபவம் என்று கப்பலில் ஏறிவிட்டாராம்.

"வந்ததும் அவன்தான் ப்ராஜெக்ட் லீட்" என்றார்.

வாய் என் பேச்சைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"அப்ப எனக்குச் சொன்னது என்ன சார்? லீட் பதவி உனக்குத்தான்னு என்கிட்ட சொன்னீங்களா இல்லையா?"

எம்.டி. நெளிந்தார். அவருக்குச் சண்டை பிடிக்காது. யாருக்கும் இல்லை என்று சொல்லவும் வராது.

"கோபப்படாதம்மா. ப்ராசஸ்படி போவோம். இதுவரைக்கும் நம்மகிட்ட ஒரு ப்ராஜெக்ட்கூட சைன்-ஆஃப் ஆகல. மாயாபந்தர் அண்ணாச்சி ப்ராஜெக்ட் இருக்குல்ல? கப்பல் நம்ம ஹேடோ துறைமுகத்துல வந்து கட்டுறதுக்குள்ள அவர்கிட்ட கையெழுத்து வாங்கிக் காமி. நீதான் லீட். இல்லன்னா அவன்."

கப்பல் அப்போது நடுக்கடலில். சென்னையிலிருந்து புறப்பட்டாயிற்று. மச்சினன் போனுக்கு சிக்னலும் கிடையாது. ஒரு மனுஷன் எனக்கு எதிராக ஒவ்வொரு அலையாகத் தாண்டி வந்துகொண்டிருக்கிறான், அவனுக்கே அது தெரியாது.

மாயாபந்தர் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்தவர். வடக்கே மாயாபந்தரில் மொத்த வியாபாரம். சிமெண்ட், தகரம், கயிறு, வெங்காயம், சோப்பு என்று எல்லாம் கப்பலில் வந்து ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இறங்கும், வடக்கு அந்தமான் முழுக்கப் போகும். சரக்கு வரவு, இருப்பு, எந்தக் கப்பலில் என்ன வருகிறது என்று பார்க்க அவருக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்தோம். கப்பல் வரும் தேதி என்று நாங்கள் ஒரு கட்டம் வைத்திருந்தோம். அதைப் பார்த்து அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "கப்பல் வர்ற தேதியை எவம்மா எழுதி வப்பான்? வந்த தேதின்னு போடு" என்றார். போட்டோம். கப்பல் வரவில்லை என்று அழுத்த ஒரு பெரிய பொத்தான் கேட்டார். அதையும் வைத்தோம். இன்றுவரை அந்த சாஃப்ட்வேரில் அதிகம் அழுத்தப்படுவது அந்தப் பொத்தான்தான்.

எல்லாம் இண்டர்நெட்டிலேயே அனுப்பி, அவர் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அவரும் பிள்ளைகுட்டி மாதிரிக் கொஞ்சி உபயோகித்துக்கொண்டிருந்தார். ஆகவே கையெழுத்து கஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டு போன் போட்டேன்.

"அண்ணாச்சி, சாஃப்ட்வேர் எப்படி ஓடுது?"

"பக்காவா ஓடுது பாப்பா. வெங்காயம் எம்புட்டு அழுகுச்சுன்னுகூட காட்டுதுலா!"

"அப்ப ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புறீங்களா? வேலை முடிஞ்சதுன்னு."

"போடலாமே. மால் வரட்டும்."

"என்ன மால்?"

"சாமானும்மா. சாஃப்ட்வேரு."

"அண்ணாச்சி, அது வந்துருச்சு. அதைத்தான் நீங்க ஓட்டிட்டு இருக்கீங்க."

"அது ஓடுது, நா இல்லங்கல. ஆனா ஜெட்டிக்கு வரலியே. ஜெட்டியில எறங்காத சாமானுக்கு நா கையெழுத்துப் போட்டதே இல்ல தாயி. முன்னால ஒருதடவ ஒருத்தன் வருது வருதுன்னான், நம்பிப் போட்டேன். சிமெண்டும் வரல, அவனும் வரல. அன்னைலேர்ந்து கண்ணால பாத்து, கையால தொட்டு, அப்புறந்தான் கையெழுத்து."

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். இண்டர்நெட் வழியாக வருவது என்றால் என்ன, கேபிள் என்றால் என்ன, அந்தக் கேபிள் கடலுக்கு அடியில் வருகிறது என்றெல்லாம் விளக்கினேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

"கடல்லதானே வருது? பிறகு ஜெட்டிக்கு வர்றதுல என்ன கஷ்டம்?" என்றார்.

போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். எதிரே எங்கள் டெவலப்பர் உட்கார்ந்திருந்தான். ரங்கத் ஊர்ப் பக்கத்து வங்காளி. ஆபீஸே தீப்பிடித்தாலும் சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டுத்தான் எழுந்திருப்பான். விஷயத்தைச் சொன்னேன். அவன் மீன் முள்ளை எடுத்தபடியே, "தோ ஜஹாஸ் மே பேஜ் தோ" என்றான். கப்பலில் அனுப்பிவிடு என்கிறான். கேலிக்குத்தான் சொன்னான். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஏன் அனுப்பக் கூடாது? ஜெட்டியில் இறங்க வேண்டும், அவ்வளவுதானே? இறக்கிவிடுவோம்!

சாஃப்ட்வேரை ஒரு பென் டிரைவில் ஏற்றினோம். அதை என் மதியச் சாப்பாட்டு ஊறுகாய் டப்பாவைக் கழுவித் துடைத்து அதற்குள் வைத்தோம். டப்பாவை ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் வைத்தோம். தூக்கிப் பார்த்தால் பெட்டி காற்றில் பறக்கிற கனம். அண்ணாச்சி கையால் தூக்கிப் பார்க்கிற ஆள். இந்தக் கனத்துக்கு அவர் கையெழுத்துப் போடமாட்டார். ஆபீஸ் மூலையில் செத்துப்போன யு.பி.எஸ். ஒன்று கிடந்தது, நல்ல கனம். அதையும் உள்ளே வைத்து, பழைய பேப்பரைத் திணித்து, சணல் கட்டி, மேலே மாயாபந்தர் என்று பெரிதாக எழுதினோம். டெவலப்பர் எனக்கு முடிச்சுப் போட உதவினான். அப்போதுதான் எம்.டி. உள்ளே வந்தார்.

"என்னம்மா இது?"

"டெலிவரி, சார்."

"என்ன டெலிவரி?"

"மாயாபந்தர் சாஃப்ட்வேர்."

என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். வேறு எந்த முதலாளியாக இருந்தாலும் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். இவர் முகம் மலர்ந்துவிட்டது. "டெலிவரி ஃபேஸ்! வெரி குட்!" என்று சொல்லிவிட்டுப் பலகைக்குப் போய் எங்கள் வில்லையை இளம்பச்சையிலிருந்து முழுப் பச்சைக்கு மாற்றினார். அந்த மனுஷரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

தீவுக்குள் ஓடும் கப்பல்கள் கிளம்புகிற ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் சரக்குப் பதிகிற ஆள் பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்து, "இஸ் மே க்யா ஹை?" என்று கேட்டார். உள்ளே என்ன இருக்கிறதாம்.

"சாஃப்ட்வேர்" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "கீலா ஹோகா தோ சலேகா?" நனைந்தால் பரவாயில்லையா என்று கேட்கிறார்.

"நஹீ சலேகா!" என்று கத்தினேன். அலை அடிக்காத இடம் ஒன்றுதான் இருந்தது. மீன் பெட்டிகளுக்கு நடுவில் வைத்தார்கள். நானும் அதே கப்பலில் டிக்கெட் எடுத்தேன். பெட்டியை நம்பி அனுப்ப எனக்குப் பைத்தியமா? வழியெல்லாம் அடிக்கடி இறங்கிப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "உள்ள கோழி கீழி வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் மாயாபந்தர் ஜெட்டியில் அண்ணாச்சி குடையோடு நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கூட அவருடைய சுமையாட்கள். தகரமும் வெங்காய மூட்டையும் இறங்கின. பின்னாலேயே எங்கள் பெட்டி ஒரு ஆளின் தலையில் ஆடிக்கொண்டே இறங்கியது. "சம்பால்கே, சம்பால்கே!" என்று அண்ணாச்சி கத்தினார். பார்த்துப் பதமாக இறக்கச் சொல்கிறார். எனக்கு ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் சாஃப்ட்வேரை இதுவரை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கையாண்டதில்லை.

அண்ணாச்சி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தட்டினார். குனிந்து முகர்ந்தார்.

"மீன் வாட அடிக்கே."

"பக்கத்துல மீன் பொட்டி வச்சுட்டாங்க அண்ணாச்சி."

"உள்ள சாஃப்ட்வேருக்குப் பிடிச்சிருக்காதுல்லா?"

"பிடிக்காது."

"ஓரம் நனைஞ்சிருக்கு. நனைஞ்ச சாமானுக்கு நா எப்பவும் ஏதாவது கழிப்பேன்."

எதிர்பார்த்ததுதான். "நனைஞ்சதுக்கு ஒரு ரிப்போர்ட் இலவசமாத் தாறேன். எந்தக் கப்பல் எத்தனை தடவை வர்றேன்னு சொல்லி ஏமாத்துச்சுன்னு."

அண்ணாச்சி கண்ணில் வெளிச்சம் வந்தது. "ஏ தாயி! அத பிரிண்ட் எடுத்துக் கடையில மாட்டுதேன். திற, திற!"

சணலை அறுத்தோம். பேப்பரை எடுத்தோம். ஊறுகாய் டப்பாவைத் திறந்து பென் டிரைவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? பரவால்ல. ஏலக்காயும் இம்புட்டுத்தான்" என்றார். கையெழுத்துக் காகிதத்தை நீட்டினேன். பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். என் உயிர் அந்தப் பேனா முனையில் இருந்தது.

அப்போது அவர் கண் யு.பி.எஸ். மேல் விழுந்தது.

"இது என்னது?"

"அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பொட்டிக்குக் கனம் வேணும்னு வச்சது."

பேனாவை மூடிவிட்டார்.

"இது நா கேக்கலியே. கேட்டது வரலைன்னாலும் கையெழுத்துக் கெடையாது, கேக்காதது வந்தாலும் கெடையாது. இது திரும்பப் போயி, பொட்டியில சாஃப்ட்வேர் மட்டும் மறுபடி வரட்டும். வாங்கிக்கிடுதேன்."

அவ்வளவுதான். என் பொறுமை அந்த ஜெட்டியிலேயே கடலில் விழுந்தது. சுமையாட்கள், மீன்காரர்கள், கப்பலிலிருந்து இறங்கியவர்கள் என்று ஒரு ஊரே நிற்க, நான் கத்த ஆரம்பித்தேன்.

"மறுபடி எப்ப அண்ணாச்சி வரும்? அதுக்குள்ள ஒருத்தன் ஹேடோவுல வந்து எறங்கிருவான்! இத நாந்தான் செஞ்சேன். ஒங்க வெங்காயக் கணக்க எழுதுனது நான், கப்பல் வரலைங்குற பொத்தானை வச்சது நான், ஒங்ககிட்ட திட்டு வாங்குனது நான். இந்தக் கையெழுத்து இல்லன்னா நாளைக்கு எவனோ ஒருத்தன் வந்து எனக்கு மேல உக்காந்துக்கிட்டு, இது என் வேலைன்னு சொல்லுவான். நான் மறுபடி சார் இருக்காரான்னு கேக்குறவங்களுக்குப் போன் எடுத்துக் குடுத்துக்கிட்டு நிக்கணும். எனக்கு முடியாது! எனக்கு அழுகையா வருது!"

உண்மையிலேயே வந்தது. மூக்கை உறிஞ்சினேன். ஒரு சுமையாள் இன்னொருவரிடம் மெதுவாக, "தீதி கோ குஸ்ஸா ஆ கயா" என்றார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். வராமல்?

அண்ணாச்சி குடையை மடக்கினார்.

"ஏம்மா, அப்ப இந்த மாலு உன்னோடதா?"

"கம்பெனியோடது."

"கம்பெனி கெடக்கட்டும். கெட்டுப்போனா நா யாரைக் கேக்கது? யாரு வந்து நிப்பா?"

"நாந்தான் நிப்பேன். வேற யாரு வருவா?"

"இத ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?" என்றார். இப்போது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க சாரு போன்ல எப்பப் பாத்தாலும் எங்க டீமு, எங்க டீமுங்காரு. டீமுன்னா யாரு? ஒரு மூட்ட வெங்காயம் வந்தாக்கூட அனுப்புன ஆளு யாருன்னு எனக்குத் தெரியும். இதுக்கு மட்டும் ஆளே இல்ல. ஆளில்லாத சாமானுக்கு நா யாரை நம்பிக் கையெழுத்துப் போட?"

அவர் என் காகிதத்தை வாங்கி, பெட்டி மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் நிமிர்ந்து, "ஒம் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

இத்தனை மாதமாக அவருக்கு நான் பாப்பா. அந்தக் கம்பெனியில் எந்த வாடிக்கையாளரும் என் பெயரைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னேன். அனுப்பியவர் என்று எழுதி, பக்கத்தில் என் பெயரை எழுதினார். எழுத்துப் பிழை இல்லாமல் எழுத வேண்டுமென்று ஒவ்வொரு எழுத்தாக என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்.

ஆனாலும் யு.பி.எஸ்ஸை வாங்கிக்கொள்ளவில்லை. அது தர்மமில்லையாம். அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினேன். நடுவில் காட்டுப் பகுதியில் வண்டிகளைக் கூட்டமாகத்தான் விடுவார்கள். அந்தக் கான்வாய்க்காகக் காத்துக் கிடந்தபோதும் கனம் தெரியவில்லை. கையெழுத்தை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது.

ஆபீஸுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. பெஞ்சில் ஒரு ஆள் கிடந்தார். முகம் வதக்கிய கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஒரு கையால் பெஞ்சின் காலைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். மச்சினன்! மதியம்தான் கப்பல் ஹேடோவில் கட்டியிருக்கிறது. வழி முழுக்க வாந்தியாம். இனி உயிர் போனாலும் கப்பல் ஏறமாட்டேன் என்று எல்லாச் சாமி மேலும் சத்தியம் செய்துகொண்டிருந்தார். கீழே மெக்கானிக் ஆக்சிலேட்டரை முறுக்கினான், பெஞ்ச் அதிர்ந்தது. "மறுபடி ஆடுதே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குப் பாவமாக இருந்தது. இந்த ஆளையா நான் நாட்கணக்கில் மனசுக்குள் திட்டினேன்?

எம்.டி. காகிதத்தை வாங்கி, அண்ணாச்சி அதில் எழுதியிருந்ததை வாசித்தார். "பெட்டி ஒன்று. ஓரம் நனைந்தது. மீன் வாடை உண்டு. சாமான் சரி. யு.பி.எஸ். திருப்பி அனுப்பப்பட்டது." நெற்றியைத் தடவினார். "இது சைன்-ஆஃப் ஃபார்மேட்டே இல்லையேம்மா."

"கையெழுத்து இருக்குல்ல சார். காலையில போட்டது. கப்பல் கட்டுனது மதியம்."

"இருக்கு, இருக்கு. இருந்தாலும்..." என்று இழுத்தார். மச்சினனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் இல்லை என்று சொல்ல முடியாத மனுஷர், முடிவை அடுத்தவர் தலையில் கட்டினார். வாடிக்கையாளர் வாயால் தீர்ப்பு வரட்டும் என்று அண்ணாச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணாச்சி, வணக்கம். சென்னையிலேர்ந்து எங்க புது மேனேஜர் வந்திருக்கார். ரொம்ப அனுபவசாலி. இனிமே உங்க ப்ராஜெக்டை அவரே பாத்துக்கட்டுமா?"

"யாரு அது? எங்க ஜெட்டிக்கு வந்தாரா?"

"இல்ல அண்ணாச்சி, இப்பத்தான்..."

"பிறகு என்னத்துக்கு எங்கிட்ட சொல்லுதீய? எனக்கு மால் அனுப்புன ஆளு இருக்கு." அண்ணாச்சி என் பெயரைச் சொன்னார். முதலெழுத்தோடு, முழுசாக. "கெட்டுப்போனா வந்து நிப்பேன்னு ஜெட்டியில வச்சு ஊர் முன்னால சொல்லியிருக்கு. ஒங்க கம்பெனில அப்படிச் சொல்ல வேற ஆளு இருந்தாச் சொல்லுங்க, பேசுதேன்."

எம்.டி.யின் விரல் பழக்கதோஷத்தில் மியூட்டுக்குப் போனது. "என்னம்மா சொல்லணும்?" என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. மியூட்டை எடுத்துவிட்டு அவராகவே சொன்னார்.

"இல்ல அண்ணாச்சி. வேற ஆள் இல்ல. அவங்கதான்."

போனை வைத்ததும் காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். அப்புறம் பெஞ்சைப் பார்த்து, "மாப்ள, எந்திரி. இவங்கதான் உன் லீட்" என்றார்.

மச்சினன் சிரமப்பட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சொல்லுங்க மேடம். நான் என்ன பண்ணணும்?"

இந்த ஒரு கேள்விக்கு நான் மனசுக்குள் எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் நறுக்கு நறுக்கென்று இருக்கும். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"மொதல்ல போயிக் குளிச்சுட்டு, ரசஞ்சோறு சாப்பிட்டுத் தூங்குங்க. காலையில பேசுவோம்" என்றேன். என் குரல் ஆடியது. கப்பல் ஆட்டம் இன்னும் போகவில்லை என்று அவர் நினைத்திருப்பார், சுவரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.